பேர் வெட்டாத திடல்

1

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸில் இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நகராண்மைக் கழகத்திலிருந்து, அதாவது இங்கத்து நகராட்சியிலிருந்து, ஓர் அம்மையார் பேசினார். முனியாண்டி என்பவரை எனக்குத் தெரியுமா என்று மலாயில் கேட்டார்.

தெரியும் என்றேன்.

அவர் உங்கள் கிரிக்கெட் குழுவில் இருக்கிறாரா?

இருக்கிறார் என்றேன். என் மலாய் கோழி வாங்கப் போதும், அரசாங்கத்தோடு பேசப் போதாது. ஆனால் பொய் சொல்லும்போது மட்டும் எந்த மொழியும் எனக்குத் தடையில்லாமல் வந்துவிடும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் வருகிறார், போன வாரம்கூட வந்தார் என்று சேர்த்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மையார் மிகுந்த மரியாதையோடு, "என்சிக் ரவி, அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது" என்றார்.

லிஃப்ட் கூண்டின் மேல் வேலை செய்பவன் கைப்பிடியை விடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

2

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். திருச்சி உறையூர்க்காரன். பாலிடெக்னிக் முடித்து, சென்னையில் சில வருடம் லிஃப்ட் பழுது பார்த்து, பிறகு இங்கே வந்தவன். இந்த வைகாசியோடு பதினாறு வருடம் ஆகிறது. ஸ்ரீ கெம்பாங்கானில் பிறந்து வளர்ந்த மீனாவைக் கட்டிக்கொண்டு கிள்ளானில் குடியிருக்கிறேன். மனைவியும் மகளும் இந்த நாட்டுக் குடிமக்கள். நான் மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறவன். விசா புதுப்பிக்கும் மாதங்களில் நான் காலியான சாலையைக்கூடப் பச்சை விளக்கு விழுந்த பிறகுதான் கடப்பேன்.

மகள் மித்ராவுக்குப் பதினாலு வயது. மலாயில் படிக்கிறாள், ஆங்கிலத்தில் கோபப்படுகிறாள். தமிழை என்னிடம் காசு கேட்பதற்காக வைத்திருக்கிறாள். ஒரு நாள் "உங்க ஊர்ல" என்று ஏதோ ஆரம்பித்தாள். நம்ம ஊர் என்று இதுவரை சொன்னதில்லை. அதை நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டேன், ஆனால் மறக்கவில்லை.

கிள்ளானிலிருந்து கேரி தீவுப் பக்கம் போகிற சாலையில் எட்டாங்கட்டை என்று நம் ஆட்கள் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. கட்டை என்றால் இங்கே மைல். முன்பு ரப்பர் தோட்டம், பிறகு செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை, இப்போது வரிசை வீடுகளும் ஒரு டயர் கிடங்கும். அவற்றுக்கு நடுவே பெரிய புல்வெளி. நாம் மைதானம் என்பதை இவர்கள் திடல் என்கிறார்கள். நாலு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை கேரி தீவுக்கு நண்டு வாங்கப் போனபோது, அந்தத் திடலில் வெள்ளைச் சட்டை போட்டுச் சிலர் பந்து வீசிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் காரை நிறுத்தினேன். கிரிக்கெட்டை இந்த நாட்டில் நான் எதிர்பார்க்கவே இல்லை. இங்கே நம் பிள்ளைகளுக்கும் கால்பந்துதான் உயிர்.

லோரி ஓட்டும் குமார்தான் அணித்தலைவர். "அண்ணே, என்னா போடுவீங்க?" என்றார். ஆஃப் ஸ்பின் என்றேன். "அப்ப வாங்க லா, எங்ககிட்ட எல்லாரும் வேகமா போட்டு வைடு குடுக்கறவங்கதான்." நண்டு வாங்கவில்லை. மீனா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். ஞாயிறு காலை ஏழு மணி அடித்ததும், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் தேவகி அக்கா ஒரு நீளமான நோட்டைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் "ஆள் இருக்கு" என்று சொல்ல வேண்டும். முதல் நாளே என்னிடம் வந்து, "திருச்சி அண்ணே, உங்களுக்கு முனியாண்டி. அவரு பேர கூப்பிட்டா நீங்க ஆள் இருக்குன்னு சொல்லணும், சரியா?" என்றார். யாரோ ஷிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட மனிதர் போலிருக்கிறது, வருகை குறைந்தால் அணியில் எடுக்க மாட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பாலிடெக்னிக்கில் நான் கொடுக்காத ப்ராக்ஸியா? மூன்று வருடமாக முனியாண்டிக்கு மனசாரக் கொடுத்து வந்தேன்.

பேர் கூப்பிடும் நேரத்தில் திடலோரம் ஒரு சின்னக் கூட்டம் நிற்கும். பெண்கள், வயதானவர்கள், பாசார் என்கிற சந்தைக்குப் பையோடு கிளம்பியவர்கள். அவர்களும் நடுநடுவே "ஆள் இருக்கு" என்பார்கள். தூங்கும் பிள்ளைக்காகத் தாய் குரல் கொடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும். ஓரத்தில் நிற்கும், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும் வண்டிக்காக வருகிறார்கள் என்பது என் முடிவு. லிஃப்டில் ஒரு திருகு தளர்ந்திருந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவன் நான்.

3

திடலின் புல்லை மாதம் இருமுறை நகராண்மைக் கழகம்தான் வெட்டித் தருகிறது. வாடகை கிடையாது. ஆடுகளத்தில் விரிக்கிற பாய்க்கும் பந்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சிறு தொகையும் உண்டு. இதை வைத்துத்தான் குழு ஓடுகிறது. இங்கே அடிக்கிற வெயிலுக்கும் பெய்கிற மழைக்கும் ஒரு மாதம் வெட்டாமல் விட்டால் லாலாங் புல் இடுப்புக்கு வந்துவிடும், உள்ளே போன பந்து திரும்பாது.

அந்தக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நிதி சுருங்கிவிட்டது. நாற்பது பேராவது தொடர்ந்து பயன்படுத்துகிற திடல்களுக்கு மட்டுமே இனிப் பராமரிப்பு. மற்றவை மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும். பயன்படுத்துவோர் பெயர்ப் பட்டியலை அடையாள அட்டை எண்களோடு அனுப்பவும்.

வாடகை என்று வந்தால் குழு அன்றோடு முடிந்தது. லோரி ஓட்டுகிறவர்களும் டயர் மாட்டுகிறவர்களும் மணிக்கணக்கில் காசு கொடுத்து எப்படி ஆடுவார்கள்? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கணினி தெரிந்தவன், படித்தவன், ஊரிலிருந்து வந்தவன். கடிதத்தைப் போன் செயலியில் மொழிபெயர்த்துப் பார்த்து, கௌரவச் செயலாளர் பதவியை ஏற்றுக்கொண்டேன். தேவகி அக்கா நோட்டிலிருந்த பேர்களை எண்களோடு ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தார். நாற்பத்தேழு பேர்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்ற வரிக்குக் கீழே என் பெயரைச் சுழித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. கட்டடத்தை விட்டு இறங்கியதும் குமாருக்குப் போன் போட்டேன்.

"குமார், லிஸ்ட்ல செத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்கண்ணே."

"எத்தன பேரு?"

"எண்ணல. ஒரு பதினெட்டு, பத்தொம்பது இருக்கும்."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே. தெரியும்னு நெனச்சேன். முனியாண்டிக்கு நீங்கதானே சொல்றீங்க?"

பதினெட்டு இல்லை, பத்தொன்பதுதான். கழித்தால் இருபத்தெட்டு பேர். நாற்பதுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் எட்டாது. போதாததற்குப் பொய்ப் பட்டியலில் என் கையெழுத்து. போன் செய்த அம்மையார், பெயர் புவான் ரொஹானா, நம் வழக்கில் திருமதி ரொஹானா, ஞாயிறு காலை தானே நேரில் வந்து பார்க்கப்போவதாகச் சொல்லியிருந்தார். பார்த்துவிட்டு இந்தக் கோப்பை முடித்துவிடுவாராம்.

4

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தேவகி அக்கா பஸ்ஸை நிறுத்தும் பள்ளி வாசலுக்கே போனேன். ஸ்டீயரிங்கில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

"பசியாறிட்டீங்களா அண்ணே?"

"அக்கா, நான் ஜெயிலுக்குப் போகப்போறேன்."

பிஸ்கட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. பத்தொன்பது பேரையும் எடுத்துவிட்டு, தெரியாமல் நடந்த தப்பு என்று ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிடலாம், பிறகு மிச்ச ஆளுக்கு அலையலாம் என்றேன்.

"எடுக்கறதுன்னா?"

"நோட்டுல கோடு போட்டு அடிச்சிடுங்கக்கா. ஞாயித்துக்கெழம அந்தம்மா முன்னாடி உயிரோட இருக்கறவங்க பேர மட்டும் கூப்பிடுங்க."

அவர் முகம் மாறியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"தோட்டத்துல பேரு வெட்டறதுன்னா என்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"காலைல அஞ்சரைக்கு இந்தத் திடல்லதான் பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையா நிக்கணும். எங்கப்பாதான் பேரு கூப்பிடுவாரு. ஆள் இருக்குன்னு சொன்னா அன்னிக்கு வேலை. மேல இருக்கறவங்களுக்கு ஒருத்தன புடிக்கலன்னா, இவன் பேர வெட்டுன்னுடுவாங்க. எங்கப்பா செவப்பு மசில ஒரு கோடு போடுவாரு. அவ்ளோதான். மறுநாள் அந்த வீட்டுச் சாமான்லாம் ரோட்டுல கெடக்கும். வீடு தோட்டத்து வீடுதானே? பேரு போனா வீடும் போச்சு."

"உங்கப்பா எத்தன பேர வெட்டியிருப்பாரு?"

"அவரு சொன்னதில்ல. ஆனா தூக்கத்துல பேரு பேரா சொல்லுவாரு."

தோட்டம் விற்கப்பட்டபோது எல்லார் பேரும் ஒரே நாளில் போயிற்று, அவர் பேரும் சேர்த்து. அந்த வாரமே அக்காவின் அப்பா கடைக்குப் போய் இந்த நீள நோட்டை வாங்கினாராம். எல்லார் பேரையும் எழுதினாராம். இதில் யார் பேரையும் வெட்ட மாட்டேன், செத்தாலும் வெட்ட மாட்டேன் என்றாராம்.

"கிரிக்கெட் குழுன்னு ஏன்கா?"

"திடல சும்மா விட்டா எடுத்துக்குவாங்கன்னு ஏதாச்சும் ஒரு பேரு வைக்கணும். வெள்ளக்காரத் துரை ஒரு பேட்ட வுட்டுட்டுப் போயிருந்தாரு. பசங்க அதவெச்சி ஆடிக்கிட்டு இருந்தாங்க. பூப்பந்து மட்டைய வுட்டுட்டுப் போயிருந்தா பூப்பந்துக் குழுன்னு எழுதியிருப்பாரு லா."

சிரிப்பு வந்தது. அந்த நிலைமையிலும் சிரித்தேன். பிறகு முனியாண்டி யார் என்று கேட்டேன்.

"மாடு மேய்ச்சவரு. கல்யாணம் காச்சி ஒண்ணுமில்ல. திடல்ல மாட்ட வுட்டுட்டு எங்கப்பாகிட்ட ஏச்சு வாங்குவாரு. ஒரு மேட்சுகூட ஆடல. இங்க ஒரு வாய்க்கு ஒரு பேருதான் அண்ணே, ரெண்டு பேருக்கு ஒருத்தர் சொல்லக்கூடாது. வெளையாடறவன் அவன் பேருக்குச் சொல்லிக்குவான். செத்தவங்களுக்கு வீட்டாளுங்க வந்து சொல்லுவாங்க. முனியாண்டிக்கு வீடே இல்ல. நம்ம குமாரோட மாமா சொல்லிக்கிட்டு இருந்தாரு, அவரும் போயிட்டாரு. நான் மூணு தடவ கூப்பிட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிடுவேன். மனசு அடிச்சிக்கும். அப்பதான் நீங்க நண்டு வாங்க வந்தீங்க."

பஸ்ஸுக்குப் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். அக்கா இன்ஜினைக் கிளப்பிக்கொண்டே, "பேரு வெட்டற வேலை நம்மகிட்ட இல்ல. திடல் போனா போகட்டும்" என்றார். அது போகட்டும் என்று சொல்கிற குரல் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என் குடும்ப அட்டை ஞாபகம். நாலு வருடத்துக்கு முன் அண்ணன் திருச்சியிலிருந்து போன் செய்தார். "தம்பி, கார்டுல ஆள் சரிபாக்க வர்றாங்க. நீதான் இங்க இல்லையே, பேர எடுத்துடவாடா?" எடுத்துவிடுங்கள் என்றேன். சட்டப்படி அதுதான் சரி, நியாயமும்கூட. சாயங்காலம் பெயர் நீக்கம் ஏற்கப்பட்டது என்று வந்த செய்தியைப் படமெடுத்து அனுப்பினார். நானும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினேன். வாக்காளர் பட்டியலில் அதற்கு முன்பே போய்விட்டது. யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று ஒரே லிஃப்ட்டை மூன்று முறை சோதித்தது நினைவிருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது தேவகி அக்கா சொன்னதையெல்லாம் மீனாவிடம் சொன்னேன். மித்ரா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

5

ஞாயிறன்று மொழிபெயர்ப்பாளராக மித்ராவை அழைத்துப் போனேன். கூலி ஒரு பபிள் டீ. வழியெல்லாம் நான் தயாரித்த மலாய் உரையை ஒத்திகை பார்த்தேன். "பா, அதுக்கு நீங்க சைலன்டா இருக்கறதே பெட்டர்" என்றாள்.

புவான் ரொஹானா ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். முக்காடு, கையில் கோப்பு, காலில் புல்லுக்குத் தோதான ரப்பர் செருப்பு. நான் வாயைத் திறப்பதற்குள், வழக்கம்போல் நடத்துங்கள், நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். தேவகி அக்கா நோட்டைப் பிரித்தார். ஒரு பேரையும் வெட்டியிருக்கவில்லை.

"ஆறுமுகம்!"

"ஆள் இருக்கு." அது எங்கள் விக்கெட் கீப்பர்.

"பெருமாள்!"

வேலியோரம் ஒரு தாதி நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடை, இரவு வேலை முடிந்த கண்கள். "ஆள் இருக்கு" என்றாள். மூன்று வருடமாக அவளைப் பார்க்கிறேன். நாசி லெமாக் வாங்க நிற்கிறாள் என்று நினைத்தேன். பெருமாளின் பேத்தி அவள்.

"சின்னப்பன்!"

டயர் கிடங்கு வைத்திருக்கும் சீனர் ஆ லெங் அங்கிள் கையை உயர்த்தி, "ஆள் இருக்கு" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி இதுதான். சின்னப்பனும் அவரும் தினமும் சாயங்காலம் தாம் என்கிற கட்டம் போட்ட பலகை ஆட்டம் ஆடியவர்களாம்.

"காளிமுத்து!"

திடலின் இந்தக் கோடியில் ஒரு பெண், அந்தக் கோடியில் ஒரு பெண். காளிமுத்துவின் மகள்கள். அவர்களுக்குள் பேச்சு இல்லாமல் வருடக்கணக்காகிறது என்று குமார் என் காதில் சொன்னார். ஆளுக்கு ஒரு வாரம். அன்று இளையவள் முறை. அவள் சொன்னாள், மூத்தவள் தன் கோடியிலிருந்து தலையசைத்தாள். முறை இல்லாத வாரமும் வந்து நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.

"வீராசாமி!"

பதில் இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார், இல்லை. எல்லாரும் சாலையைப் பார்த்தார்கள். மூன்றாம் முறை கூப்பிட வாயெடுத்தபோது, முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அவன் இறங்கவில்லை, தலைக்கவசத்தைக் கழற்றவும் இல்லை. சாலையிலிருந்தே "ஆள் இருக்கு!" என்று கத்திவிட்டு அப்படியே போய்விட்டான். யாருடைய சாப்பாடோ ஆறிக்கொண்டிருந்தது.

நான் பெரிய கோயில்களைப் பார்த்திருக்கிறேன், இந்த நகரத்து வானளாவிய கோபுரங்களின் உச்சியில் நின்று வேலை செய்திருக்கிறேன். இப்படி வாயடைத்துப் போய் நின்றதில்லை. வாரம் தவறாமல், யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் இத்தனை பேர் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. பல் தேய்க்கிற மாதிரி வந்து செய்துவிட்டுப் போகிறார்கள்.

"முனியாண்டி!"

நூறு தடவைக்கு மேல் சொல்லியிருப்பேன். மாடு மேய்த்த அந்த மனிதரின் முகம் எனக்குத் தெரியாது. இந்தப் பெரிய உலகத்தில் அவருக்கு இருப்பது என் ஒரு வாய்தான். "ஆள் இருக்கு" என்றேன்.

கடைசியில் தேவகி அக்கா "கோவிந்தன்!" என்று கூப்பிட்டார். தன் அப்பாவின் பேர். நோட்டை மூடிக்கொண்டே தானே பதில் சொன்னார்.

புவான் ரொஹானா பென்சிலைக் கோப்பில் வைத்துவிட்டு மித்ராவைப் பார்த்து ஏதோ கேட்டார். மித்ரா இரண்டு நிமிடம் மடமடவென்று பேசினாள். பேர், வீடு என்ற இரண்டு மலாய்ச் சொற்கள்தான் எனக்குப் பிடிபட்டன. பிறகு அந்த அம்மையார் பேசினார், மித்ரா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"செத்துப்போனவங்கள நான் எழுத முடியாது. அது ரூல். ஆனா, அவங்களுக்காகப் பதில் சொன்ன பத்தொன்பது பேரு யாரு? அவங்க பேரு ஏன் லிஸ்ட்ல இல்லன்னு கேக்கறாங்க."

தேவகி அக்கா குழம்பிப்போனார். "அவங்கள்லாம் வெளையாட மாட்டாங்களே புவான்."

ஆட்டக்காரர்களையா கேட்டோம், திடலைப் பயன்படுத்துகிறவர்களைத்தானே கேட்டோம் என்றார் அந்த அம்மையார். வாரா வாரம் ஏழு மணிக்கு இங்கே வந்து நிற்கிறவர்கள் வேறு என்ன செய்கிறார்கள்?

கோப்பிலிருந்து புதிய படிவத்தை எடுத்து, காரின் முன்பக்கத்தில் வைத்தார். தாதி முதலில் எழுதினாள். ஆ லெங் அங்கிள் கண்ணாடி தேடி எடுத்து எழுதினார். காளிமுத்துவின் இளைய மகள் எழுதிவிட்டு, பேனாவைத் தன் அக்காவிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். யாரும் தங்களை அந்தக் குழுவின் ஆளாக நினைத்துப் பார்த்ததே இல்லை. என் முறை வந்தபோதுதான் உறைத்தது, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பட்டியலிலும் என் பேர் இல்லை. அக்காவின் நோட்டில் நான் மூன்று வருடமாக முனியாண்டி மட்டும்தான்.

என் பழைய பட்டியலை அந்த அம்மையார் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதில் அவரும் கோடு போடவில்லை.

காரில் திரும்பும்போது, அவரிடம் என்ன சொன்னாய் என்று மித்ராவிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல பா. பேர வெட்டினா வீடு போயிடும், அதனால இவங்க வெட்ட மாட்டாங்கன்னு சொன்னேன். நீங்க அன்னிக்கு அம்மாகிட்ட சொன்னீங்களே, அதான்." பபிள் டீயை உறிஞ்சிவிட்டு, "நான் பாட்டு எதுவும் கேக்கல அன்னிக்கு. பேட்டரி கோசோங், காலி" என்றாள்.

6

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. இன்னும் ஒரு வருடத்துக்குப் புல் வெட்டித் தருவார்கள், வாடகை இல்லை. ஆண்டுத் தொகை மட்டும் நிறுத்தப்பட்டது. அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார்கள்.

பாய்க்கும் பந்துக்கும் என்ன செய்வது என்று கூடிப் பேசினோம். நான் விளம்பரப் பலகை, நன்கொடை விருந்து என்று நாலு யோசனை எழுதிக்கொண்டு போயிருந்தேன். தேவகி அக்கா ஒரே வரியில் முடித்தார். "பேருக்கு ஒரு வெள்ளி." ஞாயிறுதோறும் பதில் சொல்கிறவர் அந்தப் பேருக்காக ஒரு ரிங்கிட் போட வேண்டும். பெருமாளுக்கும் சின்னப்பனுக்கும் கோவிந்தனுக்கும் சேர்த்துத்தான். இறந்தவர்களும் சந்தா கட்டுகிற கிரிக்கெட் குழு வேறெங்காவது உண்டா தெரியாது. ஒரு மேட்சுகூட ஆடாத முனியாண்டி இப்போது பந்து வாங்கித் தருகிறார். புதுப் பாயும் வந்துவிட்டது.

எனக்கு ஒரு ஆசை மட்டும் மிச்சமிருந்தது. அக்காவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "என் பேரையும் நோட்டுல எழுதுங்களேன்கா."

"எழுதலாம். ஒரு வாய்க்கு ஒரு பேருதானே? உங்க பேருக்கு நீங்க சொன்னா முனியாண்டிக்கு யாரு சொல்லுவா? இன்னொரு வாய கொண்டாங்க."

மீனாவைக் கேட்டேன். வாரத்தில் ஒரு நாள்தான் தூங்குகிறேன், அதிலும் மண்ணைப் போடாதே என்றாள். மித்ராவைக் கேட்கவே இல்லை. ஏழு மணி என்பது அவள் அகராதியில் கிடையாது. அதனால் முனியாண்டியாகவே இருந்தேன், அதிலும் குறையொன்றுமில்லை.

போன மாதம் அண்ணன் மகளின் கல்யாணத்துக்குத் திருச்சி போனேன். நான் மட்டும்தான். மித்ராவுக்குப் பரீட்சை. கிளம்பும்போது மீனாவிடம், ஒரே ஒரு ஞாயிறு முனியாண்டிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா என்று கெஞ்சினேன். "பாக்கலாம்" என்றாள். அவள் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பதினைந்து வருடமாகத் தெரியும்.

கல்யாண வீட்டில், சத்திரத்துக்கு முன்பணம் கட்டிய ரசீதைத் தேடியபோது அண்ணனின் பீரோவில் குடும்ப அட்டை கையில் அகப்பட்டது. அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். பிறந்ததிலிருந்து நான் இருந்த வீடு. பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஞாயிறு விடிகாலை நாலரை மணி. அங்கே ஏழு. வாசலில் அண்ணன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மீனாவிடமிருந்து அழைப்பு. எடுத்தால் அவள் பேசவில்லை, போனைக் கையில் பிடித்துக்கொண்டு திடலில் நிற்கிறாள். திரையில் பாதி புல், பாதி வானம். தேவகி அக்காவின் குரல் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது.

"முனியாண்டி!"

"ஆள் இருக்கு" என்றாள் மீனா. தூக்கக் கலக்கம் தெரிந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று துண்டிக்கப் போனேன்.

"கோவிந்தன்!" என்று கூப்பிட்டுத் தானே பதில் சொன்ன அக்கா, நோட்டை மூடவில்லை. ஒரு பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"ரவிச்சந்திரன்!"

பதினாறு வருடத்தில் என் முழுப்பேரை விசா அலுவலகத்தைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இரண்டாம் முறை கூப்பிடுவாரோ என்று பயந்தேன்.

"ஆள் இருக்கு!"

மித்ராவின் குரல். ஏழு மணிக்கு எழுந்து, எட்டாங்கட்டைத் திடலில் நின்று, தொண்டை கிழியக் கத்துகிறாள். போனின் ஒலிபெருக்கி அதிர்ந்தது. அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"யார்றா அது, இந்த நேரத்துல?"

"மித்ராண்ணே."

"என்ன கத்துறா?"

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் அங்க இருக்கேன்னு சொல்றா."